டிராக்டர் டிரைலர்: முன்பாரம், கொக்கி, எடைப் பகிர்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் பிசான நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் ஏறும் மாசி, பங்குனியில் கன்னடியன் கால்வாய்க் கரையிலும், செங்கல், எம் சாண்ட் ஓட்டத்தில் வருஷம் முழுக்கவும் டிரைலர்கள் ஓடுகின்றன. கேட்பவர்கள் பெரும்பாலும் கொக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எந்தக் கொக்கி, எவ்வளவு தடிமன் பின் (கொக்கியையும் டிரைலரின் வளையத்தையும் கோக்கும் இரும்பு ஊசி), எந்தப் பட்டறை. கொக்கி இரண்டாவது சங்கதி. அதன்மேல் எவ்வளவு பாரம் உட்காருகிறது என்பதுதான் முதல் சங்கதி. ஆகவே இந்தப் பக்கம் பாரத்தில் தொடங்கிக் கொக்கிக்கு வருகிறது. கார், ஜீப்புக்குப் பின்னால் பயண டிரைலர் இழுப்பவர்களுக்கான எடைப் பகிர்வு ஹிட்ச் (கொக்கியில் விழும் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பங்கிடும் இணைப்பு) பற்றிய கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

முன்பாரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மூட்டையை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். இரண்டு சக்கர டிரைலரும் அதே வண்டிதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் டிராக்டரின் கொக்கி இருக்கிறது. டிரைலரின் முன்தண்டு கொக்கியைக் கீழே அழுத்தும் எடைதான் முன்பாரம். மாடு திணறுவது கண்ணுக்குத் தெரியும், டிராக்டர் சொல்லாது. அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு முன்பாரம் சரி?

லோடோடு சேர்ந்த டிரைலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 5 டன் என்றால் குறைந்தது 500 கிலோ. மேல் வரம்பு டிராக்டரைப் பொறுத்தது. அதன் கையேட்டில், பின்னால் கொக்கி மாட்டும் இழுவைத் தண்டு தாங்கும் செங்குத்துப் பாரம் என்று ஓர் எண் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே முன் சக்கரங்கள் லேசாகிவிட்டால் அதுதான் உங்கள் வரம்பு.

கொஞ்சம் முன்பாரம் டிராக்டருக்கு நல்லது. பின் சக்கரங்கள் தரையைக் கவ்வும், வழுக்காது. "முன்பாரமே இல்லாமல் சமமாக ஏற்றினால் டிராக்டருக்குச் சுகம்" என்று சிலர் சொல்வது நின்றுகொண்டிருக்கும் டிரைலருக்கு மட்டும் சரி. சமமாக ஏற்றிய டிரைலர் மேட்டில் ஏறத் தொடங்கியதும் பின்பாரமாக மாறிவிடும். ஏறும்போது லோடின் எடை பின்பக்கம் சாய்வதுதான் காரணம். லோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகம் சாயும்.

இதை எப்படி அளப்பது? லோடு ஏற்றிய டிரைலரைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். லோடோடு டிரைலரைக் கழற்றுவதே ஆபத்து. எடை மேடை உள்ள அரிசி ஆலையோ குவாரியோ போதும்.

டிரைலர் இல்லாமல் டிராக்டரை மட்டும் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். நாலு சக்கரமும் மேடையில் ஒரு எண், முன் சக்கரம் இரண்டு மட்டும் மேடையில் ஒரு எண். இது ஆயுசுக்கும் உதவும் கணக்கு. பிறகு லோடு ஏற்றிய டிரைலரைப் பூட்டிய நிலையில், டிராக்டரின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். முன்பு 1,900 கிலோ காட்டியது இப்போது 2,600 காட்டினால் முன்பாரம் 700 கிலோ. பின்னுக்கு நகர்ந்து, முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு எடை. கடைசியாக முழு வண்டியும் ஏறுமானால் மொத்த எடையும் கிடைத்துவிடும்.

இரண்டு கவனம். மேடையும் அதற்கு ஏறும் பாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேடையைவிட டிரைலர் பள்ளத்தில் நின்றால் எண் பொய் சொல்லும். டிரைவர் இருக்கையில் இருந்தால் எல்லா எடைக்கும் இருக்க வேண்டும், இறங்கினால் எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டும். டீசல் டேங்க்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும்.

லோடு ஏற்றும்போதே எப்படிச் சரியாக அமைப்பது?

ஒரு கணக்குப் போதும்: நகர்த்திய எடை × நகர்த்திய தூரம் ÷ முன்தண்டு நுனியில் உள்ள வளையத்திலிருந்து டிரைலர் அச்சுக்கு உள்ள தூரம். விடைதான் கூடும் அல்லது குறையும் முன்பாரம்.

நெல் கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 100 மூட்டை 4,000 கிலோ. வளையத்துக்கும் அச்சுக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் 10 மூட்டையை முன் பலகை ஓரத்துக்கு, அதாவது 2.4 மீட்டர் முன்னால் மாற்றினால் 400 × 2.4 ÷ 3 = 320 கிலோ முன்பாரம் கூடுகிறது. பத்து மூட்டை மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம். அதனால்தான் ஏற்றும் ஆள் சொன்னபடி அடுக்காமல், முதல் நாள் எடை பார்த்து, "முன்னால் இத்தனை வரிசை, பின்னால் இத்தனை வரிசை" என்று அச்சுக்கு நேராகப் பெட்டியின் வெளிப்புறம் ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் எடை மேடை தேவையில்லை.

எம் சாண்ட், மணல், ஜல்லி ஏற்றும்போது பொக்லைன் டிரைவர் கை எங்கே கொட்டுகிறதோ அதுதான் பாரம். பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து கொட்டுவதால் குவியல் பின்னால் விழுகிறது. முதல் வாளியை முன் பலகைக்கு அருகில் கொட்டச் சொல்லுங்கள். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி எம் சாண்ட், காய்ந்திருந்தாலே நாலரை டன்னைத் தொடும். மழையில் நனைந்தது இன்னும் கூடும். பெட்டியின் அளவைப் பார்த்து ஏற்றுவதைவிட எடையைப் பார்த்து ஏற்றுங்கள்.

வைக்கோல் வேறு ரகம். எடை குறைவு, உருவம் பெரிசு. பெட்டிக்குப் பின்னால் நாலடி, ஐந்தடி நீட்டி அடுக்குகிறார்கள். அந்த நீட்டல் முழுக்கப் பின்பாரம். பின்னால் நீட்டினால் அதே அளவு முன்னாலும், முன்தண்டுக்கு மேலே, நீட்டி அடுக்க வேண்டும். ஆனால் டிராக்டர் திரும்பும்போது பின் டயரில் உரசாத அளவுக்கு. களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுபவர்கள் முன் பலகையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி அடுக்குவது வழக்கம். அரை லோடாகப் போகும்போதும் பாரம் முன்னாலேயே இருக்கும். அந்த வழக்கம் எல்லா லோடுக்கும் பொருந்தும். சந்தையில் பாதித் தாரை இறக்கிவிட்டு மீதியோடு அடுத்த ஊருக்குப் போகும்போதுதான் சிக்கல். பின்பலகையைத் திறந்து பின்னாலிருந்து இறக்கினால் சரி. பக்கவாட்டில் ஏறி முன்னாலிருந்து இறக்கினால், மீதி எல்லாம் பின்பாரமாகிவிடும்.

மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தூக்குகிறது. ஏன்?

மூன்று காரணம் ஒன்றாகச் சேர்கிறது. எண் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

1,900 கிலோ எடையுள்ள 45 எச்.பி. வகை டிராக்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 1.95 மீட்டர். சும்மா நிற்கும்போது முன் அச்சில் 740 கிலோ. கொக்கி, பின் அச்சுக்கு 65 சென்டிமீட்டர் பின்னால், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில். பின்னால் 5 டன் டிரைலர், முன்பாரம் 700 கிலோ.

பின் அச்சைச் சுற்றி ஏற்றமரம் மாதிரி யோசியுங்கள். பின்னால் 700 கிலோ அழுத்துவதால் முன்னால் 700 × 0.65 ÷ 1.95, அதாவது 233 கிலோ தூக்கும். முன் அச்சில் மிச்சம் 507. இப்போது குளத்துக் கரைச் சரிவு, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது என்று வைப்போம். டிரைலரை இழுக்க ஏறக்குறைய 650 கிலோ விசை வேண்டும். அந்த இழுவை 45 சென்டிமீட்டர் உயரத்தில் பின்னுக்கு இழுப்பதால் இன்னொரு 150 கிலோ போகும். மிச்சம் 357. டிராக்டரே பின்னுக்குச் சாய்ந்து நிற்பதால் அதன் சொந்த எடையில் 70 கிலோ பின்னால் போகும். கடைசியில் முன் அச்சில் நிற்பது 287 கிலோ.

ஸ்டியரிங் பேச்சைக் கேட்க, டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். இங்கே அது 380. ஆக, சக்கரம் கண்ணுக்குத் தெரிந்து தூக்கும் முன்பே ஸ்டியரிங் போய்விட்டது. வளைவில் திருப்பினால் டிராக்டர் நேராகவே போவது இதனால்தான்.

மருந்து முன் எடைக் கட்டிகள். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ மாட்டினால், முன் அச்சில் 126 கிலோ கூடும், ஏற்றமரத்தின் பலன். 287, 413 ஆகிவிடுகிறது. இதையே லோடைப் பின்னுக்குத் தள்ளி, முன்பாரத்தை 700இலிருந்து 500 ஆக்கிச் சரிசெய்ய முயன்றால் கிடைப்பது 67 கிலோ மட்டும். அதோடு முன்பாரம் குறைந்தபட்ச வரம்பில் போய் நிற்கும். பம்பரில் கல்லைக் கட்டுவது, ஆளை உட்காரவைப்பது எல்லாம் விழுந்து சக்கரத்தில் மாட்டும் வேலை. கம்பெனியின் எடைக் கட்டியை அதன் தாங்கியில், போல்ட் போட்டு மாட்டுங்கள்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பினால் சரியாகுமா?

வழுக்கலுக்குச் சரியாகும். முன் தூக்கலுக்கு ஆகாது. அந்தத் தண்ணீரின் எடை பின் அச்சின் மேலேயே உட்காருகிறது. முன்னால் ஒரு கிலோவும் கூட்டாது. பிடிப்பு கூடியதால் டிராக்டர் இன்னும் பலமாக இழுக்கும், இன்னும் பலமாகத் தூக்கும். பின்னால் எடை கூட்டினால் முன்னாலும் கூட்டுங்கள்.

கொக்கியை எங்கே மாட்டுவது? ஓட்டைப் பட்டையில் மாட்டலாமா?

டிராக்டரின் அடியில், பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைத் தண்டிலோ, கம்பெனி கொடுத்த டிரைலர் கொக்கித் தாங்கியிலோ மட்டும். ஹைட்ராலிக் கைகளுக்கு நடுவே மாட்டும் ஓட்டைப் பட்டை கலப்பை, பரம்பு, லேசான கருவிகளுக்கு. அதில் டிரைலரை மாட்டினால், தெரியாமல் ஹைட்ராலிக் லிவர் பட்டுப் பட்டை மேலே ஏறும், கொக்கியின் உயரம் கூடும். மேலே போட்ட கணக்கில் 45 சென்டிமீட்டரை 90 ஆக மாற்றிப் பாருங்கள்: இழுவை மட்டும் 300 கிலோவைத் தூக்குகிறது, முன் அச்சில் மிஞ்சுவது 137 கிலோ.

நடுவில் இருக்கும் டாப் லிங்க் (கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் கை) தாங்கியில் சங்கிலியை மாட்டி, சேற்றில் புதைந்த வண்டியை இழுப்பது உயிரோடு விளையாடுவது. கொக்கி பின் அச்சின் மட்டத்துக்கு மேலே போனால் டிராக்டர் பின்னோக்கிக் குடை சாயும். திரும்ப முடியாத நிலையை அடைய முக்கால் நொடி போதும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் முடிந்துவிடும். வயலில் பின் சக்கரம் புதைந்தால் முன்னோக்கி முறுக்காதீர்கள். லோடை இறக்குங்கள், இல்லையென்றால் பின்னோக்கி எடுங்கள்.

உயரத்தில் இன்னொன்று. கொக்கியும் டிரைலர் வளையமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், பெட்டியின் தளம் படுக்கையாக அல்லது ஒரு விரல் முன்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். கொக்கி உயரமாக இருந்து பெட்டி பின்னுக்குச் சாய்ந்தால், எப்படி அடுக்கினாலும் பாரம் பின்னால் போகும். பழைய டிரைலரைப் புது டிராக்டருக்கு மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இது.

கொக்கிப் பின், வளையம் எப்போது மாற்ற வேண்டும்?

பின்னின் புது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் மாற்றுங்கள். வளையத்தையும் அதே கணக்கில். பின்னும் வளையமும் உள்ளே ஆடும் இடைவெளிதான் ஒவ்வொரு பிரேக்கிலும் சுத்தியலாக அடிக்கிறது. கிளம்பும்போது "டங்" என்று கேட்டால் அந்தச் சத்தம்தான்.

பின்னுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பித் துண்டு, மரையுள்ள போல்ட் போடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. போல்ட்டின் மரைப் பள்ளத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும், வெளியே தெரியாது. லேத்தில் இ.என்.8 (EN8) என்ற ரக இரும்பில் தலையோடு கடைந்து வாங்குங்கள். கீழ் முனையில் துளையிட்டு லாக் பின் கட்டாயம். ஆணியை வளைத்துப் போடுவது லாக் பின் ஆகாது. பின்பாரம் வந்த நேரத்தில் வளையம் மேலே தூக்கும், லாக் இல்லாத பின்னும் கூடவே வரும்.

வளையத்தை முன்தண்டோடு பற்றவைத்த இடத்தை வாரம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அதன் மேலேயே இன்னொரு பற்று வைப்பதில் பயனில்லை. விரிசலை முழுக்கக் கடைந்து எடுத்துவிட்டுப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் பட்டை கொடுக்க வேண்டும்.

பாதுகாப்புச் சங்கிலி தேவையா?

தேவை. கொக்கிப் பின் உடைந்தால் முன்தண்டு தரையில் குத்தி டிரைலர் தாவும், அல்லது பின்பாரமாக இருந்தால் வானத்தைப் பார்க்கும். சங்கிலியை முன்தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், விழும் தண்டைத் தொட்டில் மாதிரி தாங்கும். முழு வளைவில் திரும்பத் தேவையான தொய்வு மட்டும் போதும்.

தண்ணீர் டேங்கருக்குத் தனி விதி உண்டா?

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து வறட்டு நிலத்தில் கோடையில் இந்த ஓட்டம் அதிகம். 5,000 லிட்டர் டேங்கர் நிறைந்திருந்தால் அது வெறும் 5 டன் லோடு, சாதுவானது. பாதி நிறைந்த டேங்கர்தான் முரட்டு மாடு. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி முன்பாரத்தைத் திடீரென்று கூட்டும், மேட்டில் ஏறினால் பின்னால் ஓடிப் பின்பாரமாக்கும். வளைவில் ஒரு பக்கம் ஏறும். உள்ளே குறுக்குத் தடுப்புத் தகடு இருந்தால் ஓட்டம் மட்டுப்படும். டேங்கர் வாங்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், தகடு இல்லாத டேங்கர்கள் விற்பனையில் இருக்கின்றன. தகடு இருந்தாலும், முழுசாகவோ காலியாகவோ ஓட்டுவதே நல்லது.

இறக்கத்தில் டிரைலர் டிராக்டரைத் தள்ளுகிறது, மடங்கப் பார்க்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும். டிரைலரில் பிரேக் இல்லையென்றால் 5 டன்னையும் அந்த இரண்டு சக்கரம்தான் நிறுத்த வேண்டும். ரோட்டில் ஏறும் முன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் இணைப்புத் தகட்டால் பூட்டுங்கள். வயலில் திரும்புவதற்காகத் திறந்துவிட்டதை மறந்து ரோட்டில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், டிராக்டர் ஒரு பக்கம் இழுக்க, டிரைலர் மறுபக்கம் தள்ள, அரிவாள்மணை மாதிரி மடங்கும்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, மிச்சமான டீசலைவிட நிறையச் செலவு வைக்கும்.

ஆடிக் காற்றில் காவல்கிணறு, பணகுடிப் பக்கம் ஓட்டும்போது?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து இறங்கும் இடம். காற்றாலைகளை அங்கே நட்டதற்கு அதுதான் காரணம். அந்தக் காற்று நெடுஞ்சாலையில் போகும் வைக்கோல் டிரைலரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. லாரி ஒன்று உரசிக்கொண்டு கடந்து போகும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அறையும். டிரைலர் வாலாட்டத் தொடங்குவது அப்போதுதான்.

ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்து, நேராகப் பிடித்து, வேகம் இறங்க விடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பாதையில் வைக்கோலின் உயரத்தை ஒரு வரிசை குறையுங்கள். அதிகாலையில் ஓடுங்கள். முன்பாரம் போதுமான டிரைலர் காற்றிலும் சீக்கிரம் அடங்கும். டிரைலர் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும்; ஒன்று மெத்தென்று இருந்தால் ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும்.

நாலு சக்கர டிரைலருக்கும் இந்தக் கணக்கு உண்டா?

இல்லை. முன் அச்சே பாரத்தைச் சுமப்பதால் கொக்கியில் ஏறக்குறைய எதுவும் விழாது. இழுவை, சங்கிலி, பின் எல்லாம் அப்படியே பொருந்தும். பின்பக்கம் எடுப்பது மட்டும் சிரமம்.

அதிக லோடுக்கு அபராதம் எவ்வளவு?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் லோடை அங்கேயே இறக்கும் செலவும் உங்களுடையது. டிரைலரின் ஆர்.சி.யில் எழுதிய எடைதான் கணக்கு, பெட்டி எவ்வளவு கொள்ளும் என்பது அல்ல. இன்சூரன்ஸ் பாலிசியில் டிராக்டரோடு டிரைலரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் கேரவனுக்குப் போடும் எடைப் பகிர்வு ஹிட்ச் டிராக்டருக்கு ஆகுமா?

ஆகாது. அந்த ஹிட்ச் வேலை செய்ய, வண்டியும் டிரைலரும் ஒரு பந்து மூட்டில் ஆட்டமில்லாமல் இணைந்திருக்க வேண்டும். வில் கம்பிகள் அந்த மூட்டை விறைப்பாக்க வேண்டும். நம்முடையது தளர்வான பின்னும் வளையமும். வயல் வரப்பில் டிராக்டரும் டிரைலரும் மாறி மாறி ஏறி இறங்கும் கோணத்துக்கு எந்த வில் கம்பியும் நிலைக்காது. டிராக்டருக்கு அந்த வேலையை முன் எடைக் கட்டி செய்கிறது.

அப்படியானால் அது காருக்கு என்ன செய்கிறது?

காரின் பின்னால் 180 கிலோ முன்பாரம் என்று வைப்போம். பந்து, பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால்; அச்சுகளுக்கு இடையே 2.75 மீட்டர். முன் அச்சில் 72 கிலோ குறையும், பின் அச்சில் 252 கிலோ கூடும். வால் தாழ்ந்து மூக்கு தூக்கும், ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும், முன் பிரேக்கின் பிடி குறையும்.

எடைப் பகிர்வு ஹிட்சில் பந்துக்குக் கீழே இரண்டு வில் கம்பிகள் பின்னோக்கி நீண்டு டிரைலரின் முன்தண்டில் சங்கிலியாலோ தாங்கியாலோ இழுத்துக் கட்டப்படுகின்றன. இழுத்துக் கட்டியதும் அவை காரின் வாலைத் தூக்குகின்றன. பின் அச்சில் கூடிய எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்கும், ஒரு பங்கு டிரைலர் அச்சுக்கும் போகிறது. எடை எங்கும் மறைவதில்லை, இடம் மாறுகிறது.

எந்த அளவு வில் கம்பி தேர்ந்தெடுப்பது?

ஹிட்சில் இரண்டு எண் இருக்கும்: டிரைலரின் மொத்த எடை, முன்பாரம். இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி விளம்பரத்தில் இருக்கும் காலி டிரைலரின் முன்பாரம் வேண்டாம். தண்ணீர், கேஸ் சிலிண்டர், துணி, பாத்திரம் எல்லாம் ஏற்றியபின் அளந்தது வேண்டும். முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதோடு காரின் பின் அச்சுக்குப் பின்னால் டிக்கியில் வைக்கும் சாமானின் எடையையும் கூட்டுங்கள். 180 கிலோ முன்பாரம், டிக்கியில் 60 கிலோ: 240.

இந்த ஹிட்சுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் செய்தவை, எண் பவுண்டில் இருக்கும். 400 பவுண்டு 181 கிலோ, 600 பவுண்டு 272 கிலோ, 800 பவுண்டு 363 கிலோ. 240க்கு 600 பவுண்டுக் கம்பி பொருந்தும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 1,000 பவுண்டுக் கம்பி வாங்குவது தப்பு. அது வளையாது; ஒவ்வொரு குழியின் அடியும் கார் சேசிஸுக்கும் டிரைலர் தண்டுக்கும் நேராகப் போகும்.

பந்தின் அளவும் அதன்மேல் கவியும் டிரைலர் மூடியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டரும் இரண்டு அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டு அங்குலம் 50.8 மில்லிமீட்டர். பந்தின் தலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். டிரைலரில் தள்ளு பிரேக் (டிரைலர் காரைத் தள்ளும் விசையில் தானே பிடிப்பது) இருந்தால், அந்த பிரேக் செய்தவர் எடைப் பகிர்வு ஹிட்சை அனுமதித்திருக்கிறாரா என்று பாருங்கள், சிலவற்றில் வில் கம்பி பிரேக்கை வேலை செய்யவிடாது. கார் கையேட்டில் இழுவை எடையே எழுதவில்லையென்றால் அந்தக் காருக்கு எந்த ஹிட்சும் வேண்டாம். எழுதியிருந்தாலும், சில கார்களின் கையேடு எடைப் பகிர்வு ஹிட்சைக் கூடாது என்கிறது. அதையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டிச் சரிபார்ப்பது எப்படி?

சமதளத்தில் காரும் டிரைலரும் ஒரே நேர்கோட்டில், பயணத்துக்கு ஏற்றும் சாமானோடு. முதலில் டிரைலர் மாட்டாமல், தரையிலிருந்து முன் சக்கர வளைவின் உயரத்தை அளக்கவும்: உதாரணத்துக்கு 800 மில்லிமீட்டர். டிரைலரை மாட்டி, வில் கம்பி போடாமல் அளக்கவும்: 830. வில் கம்பியை இழுத்துக் கட்டி மறுபடி அளக்கவும். கூடிய 30இல் பாதியாவது இறங்கி 815க்கு வர வேண்டும். முழுசும் திரும்பச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு, கையேட்டைப் பின்பற்றுங்கள். 800க்குக் கீழே போகக் கூடாது. போனால் பின் சக்கரத்தின் பிடியை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். மழை ரோட்டில் வால் வழுக்கும்.

போதவில்லையென்றால் சங்கிலியில் ஒரு கண்ணி குறைக்கவும், அல்லது ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்டவும். கம்பியை மாட்டும் முன் பூட்டிய முன்தண்டை ஜாக்கியால் உயர்த்துங்கள், கம்பி தளர்வாக மாட்டும். கழற்றும்போதும் அதே ஜாக்கி. இழுபட்ட நிலையில் விடுவித்தால் கம்பியை நெம்பும் கடப்பாரை கையைவிட்டுப் பறக்கும். முகத்தைக் கம்பிக்கு நேரே வைக்காதீர்கள்.

இந்த ஹிட்ச் போட்டால் வாலாட்டம் நிற்குமா? இன்னும் அதிகம் இழுக்கலாமா?

பின்பாரத்தால் வரும் ஆட்டத்தை எந்த ஹிட்சும் நிறுத்தாது. சாமானை முன்னால் நகர்த்துவதுதான் வழி. பக்கக் காற்றால் வரும் ஆட்டத்துக்கு உராய்வுக் கம்பி (மூட்டு இடவலமாகத் திரும்புவதை உராய்வால் மட்டுப்படுத்துவது) உள்ள ஹிட்ச் உதவும். கார் கையேட்டில் எழுதிய இழுவை வரம்பை இந்த ஹிட்ச் ஒரு கிலோவும் உயர்த்தாது.

தாம்போதி (ஓடைநீர் மேலே ஓடும் தாழ்ந்த பாலம்), ஓடைச் சரிவுகளில் வில் கம்பியை என்ன செய்வது?

கார் ஏறத் தொடங்கியும் டிரைலர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மூட்டு மடங்கி, வில் கம்பிகள் அளவுக்கு மீறி வளையும். தாங்கி உடைவது அங்கேதான். குண்டும் சரிவுமான தாம்போதியைக் கடக்கும் முன் ஓரம் கட்டி, ஜாக்கி போட்டுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, நடக்கும் வேகத்தில் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி மாட்டுங்கள். உராய்வுக் கம்பி தனியாக இருந்தால், பின்னால் எடுக்கும் முன் அதையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் வளைத்துப் பின்னால் எடுத்தால் கம்பி வளைந்துவிடும்.